ஜாவா நிறுவனச் செயலியில் கூறுகளை இணைத்தல்: எண்ணூர்த் துறைமுகச் சூழலை முன்வைத்து ஒரு விளக்கம்

எண்ணூரிலுள்ள காமராஜர் துறைமுகம் 2001இல் அனல்மின் நிலையங்களுக்கான நிலக்கரியை இறக்கும் துறைமுகமாகவே செயல்படத் தொடங்கியது. நீர்மச் சரக்கு, கார் ஏற்றுமதி, சரக்குப் பெட்டகம் ஆகியவற்றுக்கான வசதிகள் பின்னரே சேர்ந்தன. இத்தகைய துறைமுகம் ஒன்றின் பணிகளுக்கு ஜாவாவில் நிறுவனச் செயலி எழுதப்படுவதாகக் கொண்டால், அதுவும் அவ்வாறே வளர வேண்டியிருக்கும். நிலக்கரித் தளத்துக்கான நிரலைக் குலைக்காமல் கார் முனையத்துக்கான கூறினை அதில் இணைப்பது எவ்வாறு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நிறுவனச் செயலி 'இயர்' என்னும் ஒற்றைப் பொதிக்கோப்பாக அமைவது. வணிக விதிகளைச் செயற்படுத்தும் இஜேபி கூறுகள் 'ஜார்' கோப்புகளாகவும், இணையப் பக்கங்களைத் தரும் கூறுகள் 'வார்' கோப்புகளாகவும் அதனுள் இடம்பெறும். நெட்பீன்ஸில் செயலித் திட்டத்தின் கீழுள்ள 'ஜாவா இஇ மாட்யூல்ஸ்' என்பதை வலச்சொடுக்கிப் புதிய கூறினைச் சேர்க்கலாம். எக்ளிப்ஸில் திட்டப் பண்புகளிலுள்ள 'டிப்ளாய்மென்ட் அசெம்ப்ளி' இதற்குரியது. 2006இல் வெளிவந்த ஜாவா இஇ 5 முதல், கூறுகளைப் பட்டியலிடும் 'அப்ளிகேஷன் டாட் எக்ஸ்எம்எல்' கோப்பு கட்டாயமன்று. அஃது இல்லையெனில் சேவையகமே கூறுகளை இனங்காணும். ஆயின் கோப்பு இருந்து, புதிய கூறு அதில் குறிக்கப்படாவிடில், பொதியில் இருந்தும் அக்கூறு நிறுவப்படாது.

இதனினும் நுட்பமான இடர்ப்பாடு பொது வகுப்புகளால் எழுகிறது. கப்பலைக் குறிக்கும் வகுப்பு எல்லாக் கூறுகளுக்கும் தேவை. அதனைக் கொண்ட நூலகத்தை இயர் பொதியின் 'லிப்' அடைவில் வைத்தபின், வார் கூறினுள்ளும் ஒரு படியை வைத்துவிடுவது எளிதில் நேரும் பிழை. மேம்பாட்டுச் சூழலின் இயல்பமைவே சிலவேளை அதனைச் செய்துவிடும். கம்பைலரின் பார்வையில் வகுப்பு ஒன்றே. ஆகவே அது குறை கூறாது. இயக்கத்தின்போதோ, வெவ்வேறு வகுப்பேற்றிகள் ஏற்றிய ஒரே பெயருடைய வகுப்புகளை ஜாவா பொறி இரு வேறு வகைகளாகவே கொள்ளும். வார் கூறு தன்னகத்துப் படியை முதலில் ஏற்ற வேண்டுமெனச் சர்வ்லெட் விவரக்குறிப்பு பரிந்துரைக்கிறது. எனவே இஜேபி கூறிலிருந்து உள்ளிடைமுகம் வழியே வரும் கப்பல் பொருளை வார் கூறு ஏற்க மறுக்கும். 'கப்பல்' வகையைக் 'கப்பல்' வகையாக மாற்ற இயலாது என்னும் விந்தையான பிழைச்செய்தி தோன்றும். ஏற்றும் முறை சேவையகந்தோறும் மாறக்கூடியதாதலால், நிரலாளரின் கணினியில் தோன்றாத இப்பிழை துறைமுகத்தின் சேவையகத்தில் முதன்முறையாக வெளிப்படலாம்.

தீர்வு, பொது நூலகத்தை இயரின் 'லிப்' அடைவில் மட்டும் வைப்பதாகும். மேவன் திட்டமாயின், வார் கூறில் அதன் சார்பினை 'புரொவைடட்' எனக் குறித்தல் வேண்டும். ஒவ்வொரு கூறு இணைப்புக்குப் பின்னும் உருவான இயர் கோப்பைத் திறந்து, அந்நூலகம் எத்தனை இடங்களில் உள்ளதென எண்ணிப் பார்க்கச் சில நிமிடங்களே ஆகும்.