திகில் பட்டறை – 6: 12 நிமிட நாயகி

அடுப்பில் பாப்கார்ன் பொரிகிறது. வீட்டில் ஒரு பெண் மட்டும். போன் அடிக்கிறது. ராங் நம்பர். வைத்துவிடுகிறாள். மறுபடியும் அடிக்கிறது.

1996-ல் வெஸ் கிரேவன் எடுத்த 'ஸ்க்ரீம்' இப்படித்தான் தொடங்கும். முதல் இரண்டு நிமிடம் பயப்பட அதில் ஒன்றுமே இல்லை. மறுமுனையில் இருக்கிறவன் நயமாகப் பேசுகிறான். அவளும் கொஞ்சம் ரசித்தே பதில் சொல்கிறாள். பேச்சு பேய்ப்படங்கள் பக்கம் போகிறது. அவளுக்குப் பிடித்தது 'ஹாலோவீன்'. பேச்சோடு பேச்சாக அவன் அவள் பெயரைக் கேட்கிறான். எதற்கு என்கிறாள். யாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிய வேண்டாமா என்கிறான்.

அவ்வளவுதான். அதுவரை வசதியான, அழகான வீடாகத் தெரிந்தது, சட்டென்று நாலாபக்கமும் கண்ணாடிக் கதவு வைத்த வீடாகத் தெரிய ஆரம்பிக்கிறது. கிரேவன் புதிதாக எதையும் காட்டவில்லை. ஒரு பின்னணி மிரட்டல்கூட இல்லை. ஒரே ஒரு தகவல்தான் கைமாறியது. அடுப்பில் அந்தப் பாப்கார்ன் உப்பிக்கொண்டே போகிறது. அதை இறக்கிவைக்க வேண்டும் என்ற நினைப்பு நமக்கு இருக்கிறது, அவளுக்கு இல்லை.

பிறகு வினாடி வினா. வெளியே கட்டிப்போடப்பட்டிருக்கும் காதலன் பிழைக்க வேண்டுமானால் அவள் சரியான பதில் சொல்ல வேண்டும். 'ஃபிரைடே த தேர்ட்டீன்த்' படத்தில் கொலைகாரன் யார்? ஜேசன் என்று கத்துகிறாள். தவறு. முதல் பாகத்தில் கொலை செய்கிறவள் ஜேசனின் அம்மா. பேய்ப்பட ரசிகர்களில் பாதிப் பேர் தியேட்டரில் அதே தப்பான பதிலைத்தான் மனசுக்குள் சொல்லியிருப்பார்கள். திரைக்கதை எழுதிய கெவின் வில்லியம்சன் அந்தக் கேள்வியை அவளிடம் மட்டும் கேட்கவில்லை.

இத்தனைக்கும் நாம் ஓரளவு தைரியமாகத்தான் உட்கார்ந்திருக்கிறோம். காரணம், நடிப்பது ட்ரூ பேரிமோர். 'இ.டி.'யில் குழந்தையாக வந்து உலகம் முழுக்கத் தெரிந்த முகம். விளம்பரங்களிலும் அந்த முகம்தான் முன்னால் நின்றது. இவ்வளவு பெரிய நடிகைக்கு ஒன்றும் ஆகாது என்று நம்முடைய சினிமா அனுபவம் சொல்கிறது. அந்த அனுபவத்தைத்தான் படம் குத்திக் கொல்கிறது. சுமார் 12 நிமிடத்தில் அவர் கதை முடிந்துவிடுகிறது. வீடு திரும்பும் அம்மா போனை எடுக்கிறாள். மகள் கையிலிருக்கும் போன் இன்னும் துண்டிக்கப்படவில்லை. கடைசி மூச்சு அம்மாவின் காதில் கேட்கிறது. இனி இந்தப் படத்தில் யார் வேண்டுமானாலும் சாகலாம். மீதிப் படம் முழுக்க அந்தப் பயத்தின் வட்டியில்தான் ஓடுகிறது.

முதலில் பேரிமோரிடம் பேசப்பட்டது முக்கிய நாயகி வேடத்துக்கு. இந்தச் சின்ன வேடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டவர் அவரே. போன் குரலுக்குச் சொந்தக்காரர் ரோஜர் எல். ஜாக்சன். படப்பிடிப்பில் நிஜமாகவே போனில் பேசினார். நடிகர்கள் கண்ணில் படாமல் அவரை ஒளித்துவைத்திருந்தார்கள்.

பெரிய நட்சத்திரத்தை முதலிலேயே சாகடிக்கும் துணிச்சல் நம்மிடம் அதற்கு 42 வருஷம் முன்பே இருந்தது. ஏவி.எம். தயாரித்து எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954). 'பராசக்தி' வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட 1943 அக்டோபர்தான் கதைக் காலம். ஆரம்பத்திலேயே துப்பாக்கி வெடிக்கிறது. குண்டடிபட்டு விழுகிறவர் சிவாஜி கணேசன். பிறகு மற்றவர்கள் விசாரணையில் சொல்லும் கதைகளில்தான் அவரைப் பார்க்கிறோம். ஜாவர் சீதாராமனின் திரைக்கதை, ஒரு பாட்டுகூட இல்லை. சிவாஜியைப் பார்க்க வந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! படம் அப்போது பெரிதாக ஓடவில்லை. கொண்டாடுவது பின்னால் வந்தவர்கள்.

ஹிட்ச்காக் 'சைக்கோ'வில் (1960) இதே வேலையைக் கொஞ்சம் பொறுத்துச் செய்தார். ஜேனட் லீ சாக முக்கால் மணி நேரம் ஆகிறது. படம் ஆரம்பித்தபின் யாரையும் உள்ளே விடக்கூடாது என்று தியேட்டர்களுக்குக் கறாராகச் சொல்லியிருந்தார். தாமதமாக வருகிறவர் ஜேனட் லீ எங்கே என்று தேடிக்கொண்டிருப்பாரே!

அதே ஜேனட் லீ, இரண்டு வருஷம் முன்பு இன்னொரு புகழ்பெற்ற முதல் காட்சியில் நடந்துபோனார். ஆர்சன் வெல்ஸின் 'டச் ஆஃப் ஈவில்'. மெக்ஸிகோ – அமெரிக்க எல்லையில் ஓர் ஊர். ஒரு கை வெடிகுண்டின் கடிகாரத்தைத் திருகுகிறது. குண்டு ஒரு காரின் டிக்கியில் போகிறது. எதுவும் அறியாத ஜோடி ஒன்று ஏறிக் காரைக் கிளப்புகிறது. கேமரா க்ரேனில் எழும்பிக் கூரைகளைத் தாண்டி, தெருவுக்கு இறங்கி, வெட்டே இல்லாமல் கூடவே போகிறது. கார் ஆட்டு மந்தைக்காக நிற்கிறது. நடந்து வரும் சார்ல்டன் ஹெஸ்டனும் ஜேனட் லீயும் காருக்கு முன்னால் போகிறார்கள், பின்னால் போகிறார்கள், பக்கத்திலேயே நிற்கிறார்கள். எல்லைச் சாவடியில், தலைக்குள் டிக் டிக் என்று ஏதோ கேட்கிறது என்று காரில் இருக்கும் பெண் புலம்புகிறாள்; காவலர் காதில் வாங்கவில்லை. மூன்று நிமிடம் சொச்சத்துக்கு ஒரே ஷாட். பிறகு வெடிக்கிறது.

மேஜைக்கு அடியில் குண்டு இருப்பது பார்வையாளருக்குத் தெரியாவிட்டால் கிடைப்பது 15 விநாடி அதிர்ச்சி. தெரிந்துவிட்டால் 15 நிமிடம் தவிப்பு என்று ஹிட்ச்காக், ட்ரூஃபோவிடம் விளக்கியது இதைத்தான். 'ஸ்க்ரீம்' நம்மிடம் மறைத்தது; வெல்ஸ் நம்மிடம் மட்டும் சொன்னார். முதல் காட்சியில் இயக்குநர் எடுக்கும் முக்கியமான முடிவு இது ஒன்றே என்பேன்: யாருக்கு அதிகம் தெரிந்திருக்க வேண்டும், திரையில் இருப்பவருக்கா, நாற்காலியில் இருப்பவருக்கா?

இப்படிப்பட்ட ஷாட்டின் மேல் யுனிவர்சல் நிறுவனம் டைட்டில் எழுத்துகளை ஓட்டி, ஹென்றி மான்சினியின் இசையையும் போட்டது. வெல்ஸ் 58 பக்கத்தில் தன் ஆட்சேபங்களை எழுதிக்கொடுத்தார். அதை வைத்து 1998-ல் வால்டர் மர்ச் படத்தைத் திருத்தித் தொகுத்தபோது எழுத்துகள் போயின. தெருவோர மதுக்கடைகளின் பாட்டும் காரின் ரேடியோவும் வந்தன. இப்போது கார் கண்ணில் படாதபோதும் அது அருகில்தான் இருக்கிறது என்று காது சொல்லிவிடும். பார்ப்பதானால் அந்தப் பதிப்பைப் பாருங்கள்.

ஜேனட் லீயின் மகள் ஜேமி லீ கர்டிஸ் சினிமாவுக்கு வந்தது 'ஹாலோவீன்' (1978) வழியாக. ஸ்க்ரீம் பெண்ணுக்குப் பிடித்த அதே படம். ஜான் கார்பென்டர் அதன் முதல் காட்சியில் நம்மையே கொலைகாரன் கண்ணுக்குள் உட்கார வைக்கிறார். ஜன்னல் வழியாக நோட்டம் விடுகிறோம். சமையலறையில் கத்தி எடுக்கிறோம். முகமூடி மாட்டியதும் இரண்டு ஓட்டைகள் வழியாகத்தான் பார்க்க முடிகிறது. கத்தி எடுக்கும் கை, தயாரிப்பாளர் டெப்ரா ஹில்லுடையது. கொலை முடிந்து வாசலுக்கு வந்ததும் யாரோ முகமூடியைக் கழற்றுகிறார்கள். கேமரா முதல்முறையாகத் திரும்பிப் பார்க்கிறது. கோமாளி உடையில் ஆறு வயதுப் பையன்.

மூன்று வருஷம் முன்பு ஸ்பீல்பெர்க்கின் 'ஜாஸ்' சுறாவின் கண்ணை இதேபோலப் பயன்படுத்தியது. நிலா வெளிச்சத்தில் நீந்தும் பெண்ணை நாம் அடியிலிருந்து பார்க்கிறோம். மேலே வந்தால் அவள் உடம்பு மட்டும் வெட்டி வெட்டி இழுபடுகிறது. சண்டைக் கலைஞர் சூசன் பேக்லினியின் இடுப்பில் கயிறு கட்டி, ஆட்கள் மாற்றி மாற்றி இழுத்து எடுத்தது. சுறா முழுசாகக் கண்ணில் படுவது ஒரு மணி நேரத்துக்கும் பிறகு.

இப்போது நம் த்ரில்லர்களில் பரவியிருக்கும் ஒரு பழக்கத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை. க்ளைமாக்ஸில் இருந்து ரத்தமும் மழையுமாக இரண்டு நிமிடத்தை வெட்டி முன்னால் ஒட்டிவிட்டு, 'மூன்று மாதங்களுக்கு முன்' என்று கார்டு போடுவது. இதில் நமக்கும் எதுவும் தெரிவதில்லை, பாத்திரத்தோடும் பழக்கம் இல்லை. சத்தம் மட்டும்தான் மிச்சம். கதையின் முதல் அரை மணி நேரத்தில் இயக்குநருக்கே நம்பிக்கை இல்லை என்பதற்கு அது எழுத்துமூல வாக்குமூலம்.

கொலையே இல்லாமல், ஒரு மலைப்பாதையும் ஒரு சின்னக் காரும் மட்டும் வைத்து நடுங்க வைக்கும் முதல் காட்சியை அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம். ஸ்டான்லி குப்ரிக்கின் 'த ஷைனிங்', முதல் மூன்று நிமிடம். முடிந்தால் அதற்குள் பார்த்துவையுங்கள். ஒருமுறை சத்தத்தோடு, ஒருமுறை சத்தத்தை முழுசாகக் குறைத்துவிட்டு.