முதுகு வட்டுச் சிகிச்சை: முன்னும் பின்னும் அங்கத்தினர் அறிய வேண்டியவை

உறையூரில் குழித்தறியில் அமர்ந்து மிதியை மிதிக்கும் நெசவாளருக்கும், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கத்தை அடுத்த திருவளர்சோலையிலும் உத்தமர்சீலியிலும் வாழைத்தார் சுமக்கும் விவசாயிக்கும் தொழில் வேறு, சங்கமும் வேறு. ஆயினும் இருவருக்கும் மூலதனம் ஒன்றே. அது முதுகு. பங்குத் தொகையை இழந்தவர் மீண்டும் சேர்த்து விடலாம். முதுகின் பலத்தை இழந்தவருக்கு எந்தச் சங்கமும் அதைக் கடனாகக் கொடுக்க இயலாது.

இக்கட்டுரையை எழுதும் நாமும் இந்நோய்க்கு விலக்காகவில்லை. ஆய்வாளர் வேலை நாற்காலி வேலைதானே என்று அங்கத்தினர்கள் எண்ணக்கூடும். திருச்சியிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கும், அங்கிருந்து அப்பாலுள்ள கிராமங்களுக்கும் இருசக்கர வண்டியில் போய் வருவதும், போன இடத்தில் தாழ்ந்த மேசையின் முன் குனிந்து பேரேடு பார்ப்பதுமாகப் பத்தாண்டுகள் கழிந்தன. சென்ற ஆண்டு இடுப்பில் தொடங்கிய வலி, இடது தொடையின் பின்புறமாக இறங்கிக் கெண்டைக்காலைப் பிடித்தது. மூன்று மாதம் மருந்தும் பயிற்சியும் செய்து பார்த்தோம். பாதத்தின் பெருவிரலைத் தூக்கும் வலு குறையத் தொடங்கவே, டாக்டரின் யோசனைப்படி அறுவை சிகிச்சை செய்து கொண்டோம். அப்போது அறிந்தவற்றையும், அறிந்திருந்தும் செய்த ஒரு பிழையையும் அங்கத்தினர்களின் முன் வைப்பது பயன்படும் என்று கருதுகிறோம்.

வட்டு என்பது யாது?

முதுகெலும்பு ஒரே எலும்பு அன்று. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பல சிறு எலும்புகளின் கோவை. இரண்டு எலும்புகளுக்கு இடையே மெத்தை போல் ஒரு வட்டு உண்டு. டாக்டர்கள் இதனை ‘டிஸ்க்’ என்பர். அதன் வெளிப்புறம் உறுதியான நார் வளையம். உள்ளே நுங்கு போன்ற மென்பொருள். வளையம் நைந்து விரிசல் கண்டால் உள்ளிருப்பது வெளியே பிதுங்கும். அருகில் காலுக்குச் செல்லும் நரம்பு அமைந்திருப்பதால், பழுது இடுப்பிலும் வலி காலிலுமாக இருக்கும். பாஸ்டன் நகரத்து டாக்டர்கள் மிக்ஸ்டரும் பாரும் 1934-ல் இதனைத் தெளிவாக எடுத்துக் காட்டினர்.

வட்டின் மேல் ஏறும் பாரத்தை ஜெர்மனியின் உல்ம் நகர ஆராய்ச்சியாளர்கள், ஒருவரது வட்டினுள் நுண்கருவி வைத்து அளந்து 1999-ல் வெளியிட்டனர். நேராக நிற்கும்போது உள்ள அழுத்தத்தை 5 என்று கொண்டால், மல்லாந்து படுக்கும்போது 1. முன்புறம் நன்கு குனிந்து உட்காரும்போது 8. இருபது கிலோ எடையை முதுகை வளைத்துத் தூக்கும்போது 23. அதே எடையை முழங்காலை மடித்து, முதுகை நிமிர்த்தித் தூக்கும்போது 17. தூக்கியதை மார்போடு அணைத்து நிற்கும்போது 11. நன்கு விளைந்த ஒரு பூவன் தாரும் ஏறக்குறைய இருபது கிலோ இருக்கும் என்பதை நம் விவசாயிகள் அறிவார்கள். தறியில் குனிந்தே நாள் முழுதும் இருப்பவர் 8 என்ற எண்ணை நினைவில் கொள்ள வேண்டும்.

எல்லோருக்கும் கத்தி வேண்டுமா?

வேண்டாம். வட்டுப் பிதுங்கிய பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வலி தணிகிறது. பிதுங்கிய துண்டு தானே சுருங்குவதும் உண்டு. நெதர்லாந்தில் கடுமையான கால்வலியுள்ள 283 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு உடனே சிகிச்சை செய்தனர். மறு பிரிவினரைப் பொறுத்திருக்கச் செய்து, தேவைப்பட்டால் மட்டும் பின்னர் சிகிச்சை செய்தனர். 2007-ல் வெளியான முடிவின்படி, முன்னவருக்கு வலி விரைவில் நீங்கிற்று. ஆயினும் ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் தேறியிருந்தனர். பொறுத்திருந்தோரில் நூற்றுக்கு 39 பேருக்குப் பின்னர் சிகிச்சை தேவைப்பட்டது. ஆகவே பயந்து ஓடவும் வேண்டாம், அவசரப்படவும் வேண்டாம்.

ஆனால் சில குறிகள் கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. சிறுநீர் இறங்காமை அல்லது அறியாமல் கழிதல், மலம் அடக்க இயலாமை, ஆசனவாயைச் சுற்றி மரத்துப் போதல், இரு கால்களும் தளர்தல் ஆகியவை அவை. இவை நேர்ந்தால் இரவாயினும் புறப்பட வேண்டும். திருச்சி புத்தூரில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது. எண்ணெய் தடவியும் தடம் பிடித்தும் காலம் போக்கினால், போன நரம்பு மீளாமலே போகலாம்.

ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்

நாள் குறித்தபின் முதல் வேலை, உண்ணும் மருந்துகள் அனைத்தையும் டாக்டரிடம் சொல்வது. நாட்டு மருந்தும் லேகியமும் இதில் சேரும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்போர் அதைத் தாமாக நிறுத்தவும் கூடாது. சொல்லாமல் தொடரவும் கூடாது. சர்க்கரை நோயை முன்னதாகவே கட்டுக்குள் கொண்டு வர வேண்டும். இல்லையேல் புண் ஆறுவது தாமதிக்கும். உறையூர்ச் சுருட்டு கடல் கடந்து பெயர் பெற்றதுதான். எனினும் சுருட்டும் பீடியும் புண் ஆறுவதற்குப் பகை. சில வாரங்களுக்கு முன்பே அவற்றை விடுவது நலம்.

இரண்டாவது, வீட்டை ஆயத்தம் செய்வது. பாயில் படுத்து எழுவது சிகிச்சைக்குப் பின் கடினம், கட்டில் வேண்டும். குந்தி அமரும் கழிப்பறையாயின், மேலே வைக்கும் நாற்காலி ஒன்றை இரவலாவது வாங்கி வைக்க வேண்டும். சொம்பு, துணி, மருந்து முதலியவற்றை இடுப்பு உயரத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். நாம் இதைச் செய்யாமல் போய், திரும்பி வந்த முதல் இரவே, கீழே விழுந்த மூக்குக் கண்ணாடியை எடுக்க ஆளைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

மூன்றாவது, பணம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடைபெறுகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் இதில் சேரலாம். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மையத்தை அணுக வேண்டும். நோய் வந்தபின் அட்டைக்கு அலைவதை விட, இன்றே பெற்று வைப்பது அறிவுடைமை. நம் சிகிச்சை திட்டத்தில் அடங்குமா என்பதைச் சேருமுன்பே ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் கேட்டறிய வேண்டும்.

சிகிச்சை நாள்

மயக்க மருந்து டாக்டர் குறித்த நேரத்துக்குப் பின் ஒரு வாய் காப்பியும் கூடாது. நோயாளியைக் குப்புறக் கிடத்தி, இடுப்பில் ஓர் அங்குல அளவு கீறி, நுண்பெருக்கியின் உதவியால் நரம்பை அழுத்தும் துண்டை மட்டும் எடுத்து விடுகின்றனர். பெரும்பாலும் ஒன்று இரண்டு மணி நேரத்தில் முடிகிறது. வட்டு முழுவதும் எடுக்கப்படுவதில்லை. வளையத்தின் விரிசல் ஆற வேண்டியதாகவே உள்ளே இருக்கிறது. இதை மறந்து விடுவதுதான் பின்னால் வரும் துன்பங்களுக்குக் காரணம்.

அன்றோ மறுநாளோ எழுந்து நடக்கச் சொன்னார்கள். காலில் இருந்த சுளீரென்ற வலி போய்விட்டிருந்தது. மரத்த உணர்வு மட்டும் நீங்கப் பல வாரங்கள் ஆயின. சிலருக்கு மாதங்களும் ஆகும் என்றனர்.

ஆறு வாரங்கள்

இனிச் சொல்வதுதான் முக்கியம். படுக்கையிலிருந்து எழும்போது உடலை மரக்கட்டை போல் ஒருங்கே பக்கவாட்டில் திருப்பி, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். குனிதல், முறுக்குதல், தூக்குதல் மூன்றும் விலக்கு. ஒரே அமர்வாகக் கால் மணி, இருபது நிமிடத்துக்கு மேல் உட்காரலாகாது. நடையே மருந்து, முதலில் வீட்டுக்குள், பிறகு தெருவில், நாளுக்குப் பல தடவை, சிறிது சிறிதாகக் கூட்டிக் கொண்டு நடக்க வேண்டும். மலச்சிக்கலால் முக்கினால் முதுகு வலிக்கும். கீரை, பழம், தண்ணீர் தாராளமாக வேண்டும். வாழைப்பழத்துக்கு நம் ஊரில் பஞ்சமில்லை.

காய்ச்சல், புண்ணில் நீர் அல்லது சீழ், எழுந்து உட்கார்ந்தால் மிகும் தலைவலி, கெண்டைக்கால் வீக்கம், புதிதாகக் கால் தளர்வு இவற்றில் ஒன்று கண்டாலும் ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டும்.

நம் பிழையைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். மூன்றாம் வாரம் வலியே இல்லை. குணமாகி விட்டது என்று நினைத்து, அலமாரியின் அடித்தட்டிலிருந்த பேரேட்டுக் கட்டைக் குனிந்து எடுத்தோம். நிமிர முடியவில்லை. பழைய வலி மீண்டும் காலில் இறங்கிற்று. சிகிச்சை வீணாயிற்றோ என்ற அச்சத்துடன் பத்து நாள் படுக்கையும் நடையுமாகக் கழிந்தது. நல்லவேளையாகத் தணிந்தது. நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு அதே வட்டு மீண்டும் பிதுங்குகிறது என்று டாக்டர் பின்னர் சொன்னார். வலி போவது முதலில், ஆறுவது பின்னால்.

தறிக்கும் தோட்டத்துக்கும் திரும்புதல்

இலேசான வேலைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்திலும், பாரம் தூக்கும் வேலைக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்திலும் திரும்புவது வழக்கம். நாள் குறிக்க வேண்டியவர் டாக்டரே. நெசவாளர் முதலில் அரை மணி நெய்து, எழுந்து நடந்து, மீண்டும் அமரலாம். குழியில் இறங்கி ஏற ஒரு படியும் பிடிக்கக் கயிறும் அமைத்தல் நன்று. நாடா எட்டும் தூரத்துக்குத் தக்கபடி இருக்கையை உயர்த்தினால் குனிதல் குறையும். வாழை விவசாயி, தாரைத் தனியே தோளில் ஏற்றாமல் இருவராகச் சுமக்கட்டும். வரப்பிலிருந்து வண்டி வரை தள்ளுவண்டி ஒன்று போதும்.

சங்கம் செய்ய வேண்டியது

ஆறு வாரமும் நமக்குச் சம்பளத்துடன் விடுப்பு இருந்தது. அப்படியும் மூன்றாம் வாரத்தில் பொறுமை இழந்தோம். நெசவாளருக்குக் கூலி நெய்த துணிக்கே உண்டு. நெய்யாத நாளுக்கு இல்லை. அவர் மூன்றாம் வாரத்தில் தறியில் இறங்கினால், அதை அறியாமை என்று சொல்வது நியாயமன்று. அடுப்பு எரிய வேண்டுமே! டாக்டரின் ஆறு வாரக் கட்டளையை நிறைவேற்ற முடியாமல் செய்வது பெரும்பாலும் வீட்டுச் செலவுதான். அங்கேதான் கூட்டுறவு பேச வேண்டும்.

சிகிச்சைக்கு நாள் குறித்த அங்கத்தினர் உடனே காரியதரிசியிடம் தெரிவிக்கட்டும். தறியில் பாதி நெய்த பாவு நின்றால் சங்கத்தின் நூலும் முடங்கும். அதை வேறொரு அங்கத்தினர் நெய்து முடிக்க ஏற்பாடு செய்யலாம். நெசவாளர் சேமிப்புப் பாதுகாப்புத் திட்டத்தில் தம் கணக்கில் உள்ளது என்ன, பெறக்கூடியது என்ன என்பதையும் முன்பே கேட்டறியலாம். விவசாயிகளின் நிலையும் அவ்வாறே. பயிர்க்கடனைத் தவணைக்குள் திருப்புவோருக்கு வட்டியில்லை என்பது நம் மாநிலத்து ஏற்பாடு. படுத்த படுக்கையில் தவணை தவறினால் அச்சலுகை கைநழுவும். ஆகவே தவணை நாளையும் அறுவடை நாளையும் பார்த்தே, டாக்டர் அனுமதித்தால், சிகிச்சை நாளைக் குறிக்க வேண்டும். தார் முதிரும் தோட்டத்துக்கு முட்டுக் கொடுக்கவும் இலை அறுக்கவும் பக்கத்துத் தோட்டக்காரர் முறை வைத்து உதவலாம்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாகச் சேர்க்குமாறு ஒவ்வொரு சங்கத்தையும் கேட்டுக் கொள்கிறோம். காப்பீட்டு அட்டை இல்லாத அங்கத்தினர் எத்தனை பேர் என்ற கணக்கை மட்டுமேனும் அன்று எடுத்து விட்டால், நல்ல தொடக்கமாகும். ஆய்வுக்கு வரும்போது அந்தப் பட்டியலை நாம் முதலில் கேட்போம். பேரேட்டை, அலமாரியிலிருந்து எடுத்துத் தருபவர் எடுத்துத் தந்த பிறகு, நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்துக் கொள்கிறோம்.