சொரியாசிஸ்: தொற்றாத நோயும் தொடரும் அச்சமும்

செதில் உதிர்க்கும் தோல் நோய்கள் பலவற்றையும் தொழுநோயோடு சேர்த்து எண்ணும் வழக்கம் ஐரோப்பிய மருத்துவத்தில் நெடுங்காலம் நிலவி வந்தது. சொரியாசிஸ் வேறு, தொழுநோய் வேறு என்பதை 1841-ஆம் ஆண்டில் ஐயத்திற்கு இடமின்றிப் பிரித்துக் காட்டியவர் வியன்னா நகரத் தோல் மருத்துவ அறிஞர் ஃபெர்டினாண்ட் ஹெப்ரா ஆவார். மருத்துவ நூல்களில் அன்றே தீர்ந்த இக்குழப்பம் மக்கள் மனத்தில் இன்னும் தீர்ந்தபாடில்லை. முழங்கையில் வெண்செதில் படிந்தவருக்கு முடிதிருத்தும் நிலையத்தில் இடம் மறுக்கப்படுவதும், விடுதியில் தனித்தட்டு ஒதுக்கப்படுவதும், திருமணப் பேச்சு பாதியில் முறிவதும் நம் நாட்டில் அரிய நிகழ்ச்சிகள் அல்ல.

சித்த மருத்துவம் காளாஞ்சகப் படை என வழங்கும் இந்நோய், இந்திய ஆய்வுகளின்படி 0.44 முதல் 2.8 சதவீதத்தினரிடம் காணப்படுகிறது. இவை பெரும்பாலும் மருத்துவமனைக்கு வந்தோரை வைத்துக் கணக்கிடப்பட்டவை. எனினும், மிகக் குறைந்த அளவையே கொண்டாலும், பாதிக்கப்பட்டோர் பல இலட்சம் பேர் ஆவர்.

தோலின் அடியடுக்கில் பிறக்கும் உயிரணு ஒன்று மேலே வந்து உதிர்வதற்குச் சாதாரணமாக ஏறத்தாழ 28 நாட்கள் ஆகின்றன. சொரியாசிஸ் கண்ட இடத்தில் இப்பயணம் மூன்று முதல் ஐந்து நாட்களில் முடிந்துவிடுகிறது. முதிராத அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து செதிலாகின்றன. உடலைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களுள் ஒரு வகை, காரணமின்றித் தோலுக்கு ஓயாது தூண்டுதல் அனுப்புவதே இதற்கு அடிப்படை. இதில் கிருமிக்கு வேலையில்லை. ஆகவே இது ஒட்டுவாரொட்டி நோய் அன்று. 'இரத்தம் கெட்டுவிட்டது' என்னும் பேச்சும் பொருளற்றது. பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஆயினும் பெற்றோருள் ஒருவருக்கு நோய் இருந்தாலும் பிள்ளைகளுள் பெரும்பாலோர்க்கு அது வருவதில்லை.

தொழுநோயிலிருந்து இதனைப் பிரித்தறிய முதன்மையான அடையாளம் உணர்ச்சியே. தொழுநோய்த் தேமலில் தொடு உணர்வு குன்றியோ மறைந்தோ இருக்கும். சொரியாசிஸ் படையில் அது மாறுவதில்லை. படையை மெல்லச் சுரண்டினால் மெழுகுச் சீவல் போன்ற வெண்செதில் உதிரும். முழங்கை, முழங்கால், தலை, இடுப்பின் பின்புறம் ஆகியவை இதற்குரிய இடங்கள். நகங்களில் ஊசி குத்தியது போன்ற குழிகள் தோன்றலாம். தொழுநோயாளியை ஒதுக்குவதற்கும் நியாயமில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கியபின் அவரிடமிருந்தும் நோய் பரவுவதில்லை.

குளிரும் வறட்சியும், மனக்கவலையும், புகையும் மதுவும் நோயைக் கிளறிவிடுகின்றன. தொண்டைப் புண்ணுக்குப் பின் சிறுவர்களுக்கு மழைத்துளி போன்ற சிறு படைகள் திடீரெனத் தோன்றுவதுண்டு. மலேரியாவுக்குத் தரப்படும் குளோரோகுயின், இரத்த அழுத்தத்திற்குரிய சில மருந்துகள் ஆகியவையும் நோயை மிகைப்படுத்தக்கூடும். சிலருக்கு மூட்டுகளும் வீங்கும்; காலையில் விரல்களை மடக்க இயலாதவர் அதனை மருத்துவரிடம் தவறாது கூற வேண்டும். காலம் தாழ்த்தினால் மூட்டு நிலையாகச் சிதைந்துவிடும்.

நோயை அறவே நீக்கும் மருந்து இல்லை. அடக்கி வைக்கும் மருந்துகள் பல உண்டு. படை சிலவே ஆயின், தேங்காயெண்ணெய் அல்லது வாசலின் தடவித் தோலை ஈரமாக வைத்தலும், தார்க் களிம்பு, சாலிசிலிக் அமிலக் களிம்பு, அளவான ஸ்டீராய்டுக் களிம்பு ஆகியவையும் போதும். நோய் பரவலாக இருப்போர்க்கு ஒளிச் சிகிச்சை உதவுகிறது. கார்போகரிசி விதையிலுள்ள சோரலென் என்னும் பொருள் தோலுக்கு ஒளியை ஏற்கும் தன்மையை மிகுவிக்கிறது. இம்மருந்தை உட்கொண்டு புற ஊதாக் கதிர் பெறும் முறை 1974-இல் மருத்துவ உலகில் இடம்பெற்றது. கருவி இல்லாத இடங்களில் சூரிய ஒளியையே பயன்படுத்தும் முறையை இந்திய மருத்துவர்கள் கையாள்கின்றனர். கருவி நகரத்தில் இருக்க, வாரம் மும்முறை கூலியை இழந்து அங்கே செல்வது எத்தனை உழவர்க்கு இயலும்?

கடுமையான நோய்க்கு மெத்தோட்ரெக்சேட் மாத்திரை மலிவானதும் பயன் மிக்கதும் ஆகும். ஆயின் இது வாரத்திற்கு ஒரு நாள் மட்டுமே உண்ண வேண்டியது. நாள்தோறும் உண்பதாகத் தவறாகப் புரிந்துகொண்டோர் எலும்பு மச்சை ஒடுங்கி உயிரிழந்ததும் உண்டு. மருந்துச் சீட்டில் கிழமையின் பெயரை நோயாளியின் மொழியில் எழுதித் தருதல் சிறு உழைப்பே. கருவுற்ற பெண்கள் இதனை உண்ணலாகாது, மதுவும் கூடாது, இரத்தப் பரிசோதனை இன்றியமையாதது. உயிரியல் ஊசி மருந்துகள் அண்மைக் காலத்தில் பெரும்பயன் தந்துள்ளன. 2013-இல் இந்தியாவில் அறிமுகமான இட்டோலிசுமாப் அவற்றுள் ஒன்று. விலை இன்னும் எளியோர்க்கு எட்டுவதாயில்லை. இவ்வகை ஊசிகளுள் சில உறங்கும் காச நோயை எழுப்பிவிடக்கூடும் என்பதால் அதற்கான சோதனை முன்னதாகவே வேண்டும்.

இவை எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது, முறையான பயிற்சியற்றோர் பெயரில்லாப் பொட்டலத்தில் தரும் ஸ்டீராய்டு மாத்திரை. படை சில நாட்களில் மாயமாய் மறையும். தந்தவர் புகழும் பரவும். மருந்து நின்றதும் நோய் முன்னிலும் சீறி எழுந்து, உடல் முழுவதும் சிவந்து, வெப்பமும் நீரும் கசிந்து மருத்துவமனையில் சேர்க்கும் நிலை நேரிடலாம். ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை 2018-இல் மத்திய அரசு மருத்துவர் சீட்டுக்குரிய பட்டியலில் சேர்த்தது. கடைகளில் அவ்விதி காக்கப்படுகிறதா என்று பார்ப்பது மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலரின் கடமை.

2014-இல் உலக சுகாதாரப் பேரவை சொரியாசிஸைத் தொற்றாத, நாள்பட்ட, ஊனம் விளைவிக்கக்கூடிய நோயென ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. இதற்கெனப் புதிய துறை எதுவும் வேண்டியதில்லை. தொழுநோயைக் கண்டறிய வீடு வீடாகச் செல்லும் பணியாளர்கள் ஏற்கெனவே உள்ளனர். உணர்ச்சி குன்றாத படையைக் கண்டதும் 'இது தொழுநோய் அன்று' எனக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டிற்குச் செல்லாமல், மாவட்ட மருத்துவமனைத் தோல் பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதித் தரலாம். புறப்படுமுன், இது ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது என்பதை அண்டை வீட்டார் காதிலும் விழும்படி சொல்லலாம்.