வருடத்துக்கு 1,460 ஊசி: வெஸ்ட்லி வீடுகளின் கணக்கு

நாளுக்கு நான்கு தடவை இன்சுலின் எடுப்பவர் வருடத்துக்கு 1,460 முறை தன் கையாலேயே தனக்கு ஊசி போட்டுக்கொள்கிறார். இரவு படுக்கும்போது மட்டும் போடுபவருக்கு 365. சீனி வருத்தத்துக்கு வாரம் ஒரு முறை செமாகுளூட்டைட் எடுப்பவருக்கு 52. மூட்டுவாதத்துக்கு இரண்டு வாரத்துக்கொரு தரம் அடலிமுமாப் எடுப்பவருக்கு 26. இடுப்பு மூட்டை மாற்றிய பின் இரத்தம் உறையாமலிருக்க நாளுக்கு ஒன்றாக ஐந்து வாரம் போட்டால் 35. பக்கத்தில் தாதி இல்லை. வீட்டு மேசையில் வைத்து அவர்களே போட்டுக்கொள்ள வேண்டும்.

ஒஸ்லோ மெட்ரோவின் 5ஆம் இலக்கத் தடம் வெஸ்ட்லியில் முடிகிறது. அங்கும், அதற்கு முந்திய நிலையங்களான ஸ்தொவ்னர், றொம்மனிலும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. சீனி வருத்தமும் நம்மவரிடம் நிறைய. இந்த வீடுகளின் ஊசிக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் குரோனர்தான் சிறிய செலவு. ஒரே இடத்தில் குத்தும் பழக்கம், பயம், மறைப்பு இந்த மூன்றும் பெரிய செலவுகள். மூன்றையும் வீட்டிலேயே குறைக்கலாம்.

யாருக்கு வருகிறது

2008 முதல் 2010 வரை ஸ்தொவ்னர், குறூருட், பியெர்க்க என்ற மூன்று நகரப் பகுதிகளில் 823 கர்ப்பிணிகளை ஓர் ஆய்வு தொடர்ந்து கவனித்தது. 'ஸ்தோர்க் குறூருட்தாலன்' என்பது அதன் பெயர். வெஸ்ட்லி இந்த ஸ்தொவ்னர் பகுதிக்குள் அடங்குகிறது. பங்கேற்றவர்களில் 59 விழுக்காட்டினர் குடியேறிய சமூகங்களைச் சேர்ந்தவர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அப்போதைய அளவுகோலின்படி 13 விழுக்காட்டினருக்குக் கர்ப்பகால நீரிழிவு இருந்தது. இன்னும் கடுமையான புதிய அளவுகோலைச் சற்று மாற்றிப் பயன்படுத்தியபோது அது 31.5 ஆக உயர்ந்தது.

இவர்களில் பலருக்கு உணவுக் கட்டுப்பாடே போதும். சிலருக்கு இன்சுலின் தேவைப்படும். 28ஆம் வாரத்தில் தொடங்கி 40ஆம் வாரம் வரை போனால் 84 நாள். இரவில் ஒன்று என்றால் 84 ஊசி, நாளுக்கு நான்கு என்றால் 336. முதல் பிள்ளையைச் சுமக்கும் ஓர் இளம் பெண் அந்தப் பன்னிரண்டு வாரத்துக்குள் இதைப் பழகியாக வேண்டும்.

ஊசியின் அளவு

ஊசி என்றதும் ஊர் ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்த ஊசிதான் மனதில் வருகிறது. அதன் தடிப்பு சுமார் 0.8 மில்லிமீற்றர். இன்றைய இன்சுலின் பேனாவில் பொருத்தும் மெல்லிய ஊசி முனை 0.23 மில்லிமீற்றர். குறுக்குவெட்டுப் பரப்பில் இது பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் குறைவு.

நீளம் 4 மில்லிமீற்றர் போதும். தோலின் தடிப்பு சராசரியாக 2 மில்லிமீற்றரைச் சுற்றியே இருக்கிறது. மெலிந்தவருக்கும் பருத்தவருக்கும் அதில் பெரிய வேறுபாடு இல்லை. எனவே 4 மில்லிமீற்றர் முனை தோலைத் தாண்டிக் கொழுப்புப் படையைத் தொட்டுவிடும், பெரியவர்களில் தசைவரை போகாது. உடம்பு பருத்தவருக்கு நீள ஊசி வேண்டும் என்று நம்பி 8 மில்லிமீற்றர் கேட்டு வாங்குபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மருந்து முழுதும் இறங்க, குமிழை அழுத்திய பின் பத்துச் செக்கன் பொறுத்து ஊசியை எடுக்க வேண்டும். 1,460 ஊசிக்கு அது 14,600 செக்கன். வருடம் முழுவதும் கூட்டினாலும் ஊசி உடம்புக்குள் இருக்கும் நேரம் நான்கு மணித்தியாலம் மூன்று நிமிடம்தான்.

மருந்தின் அளவு

ஒரு பேனாவில் 3 மில்லிலீற்றர். ஒரு மில்லிலீற்றருக்கு 100 யூனிட் என்றால் ஒரு பேனாவுக்கு 300 யூனிட், ஐந்து பேனா கொண்ட பெட்டிக்கு 1,500. நாளுக்கு 40 யூனிட் எடுப்பவரின் வருடக் கணக்கு இப்படி வரும்:

- உடம்புக்குள் போவது: 40 × 365 = 14,600 யூனிட்
- காற்றை வெளியேற்ற ஒவ்வொரு முறையும் 2 யூனிட்: 1,460 × 2 = 2,920 யூனிட்
- மொத்தம்: 17,520 யூனிட், அதாவது 58.4 பேனா

இரண்டாவது வரியைப் பலர் வீண் என்று விட்டுவிடுகிறார்கள். ஊசி முனை அடைபட்டிருக்கிறதா, பேனா வேலை செய்கிறதா என்று காட்டுவது அந்த 2 யூனிட்தான். வருடத்துக்குப் பத்துப் பேனாவுக்குச் சற்றுக் குறைவான இந்த அளவை மருந்துச் சீட்டு எழுதும்போதே வைத்தியரிடம் சொல்லிச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

குரோனர் கணக்கு

நோர்வேயில் நீண்டகால நோய்க்கான மருந்து நீலச் சீட்டில் வருகிறது. நோயாளி கட்டுவது விலையில் பாதி. ஒரு சீட்டுக்கு, மூன்று மாதத் தேவைக்கு, 520 குரோனருக்கு மேல் போகாது. வைத்தியரைப் பார்க்கும் கட்டணம் போன்றவற்றோடு சேர்த்து 2025இல் வருட உச்சவரம்பு 3,278 குரோனர். அதைத் தொட்டதும் இலவச அட்டை கிடைக்கிறது. பிறகு அந்த வருடம் முடியும்வரை நீலச் சீட்டுக்குப் பங்குப் பணம் இல்லை. 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் குறைந்தபட்ச ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்களுக்கும் நீலச் சீட்டில் பங்குப் பணமே கிடையாது.

3,278ஐ 1,460ஆல் வகுத்தால் ஓர் ஊசிக்கு இரண்டேகால் குரோனர். வைத்தியர் கட்டணமும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. ஊசி முனைகளும் நீலச் சீட்டில் கிடைப்பவை. இலவச அட்டை கைக்கு வந்த பிறகும் ஒரே முனையை நான்கைந்து தடவை பாவிப்பவருக்கு அதனால் ஒரு குரோனர்கூட மிஞ்சாது. மழுங்கிய முனையின் நோவுதான் மிஞ்சும்.

கை நடுங்குபவருக்கும் கண் மங்கியவருக்கும் நகரப் பகுதி அனுப்பும் வீட்டுத் தாதிக்குக் கட்டணம் 0 குரோனர். மருத்துவமனையில் தமிழ் உரைபெயர்ப்பாளருக்கும் நோயாளி கட்டுவது 0 குரோனர். 2022 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த சட்டம் தேவையான இடத்தில் உரைபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யும் கடமையைப் பொது நிறுவனங்கள்மேல் வைத்திருக்கிறது. பிள்ளைகளை உரைபெயர்ப்பாளராகப் பயன்படுத்தவும் அது தடை விதிக்கிறது. அம்மம்மாவின் ஊசி அளவைச் சொல்லும் பொறுப்பு பத்து வயதுப் பேரன்மேல் விழக் கூடாது. உரைபெயர்ப்பாளரைக் கேட்பது அவரது உரிமை. நேரம் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

தடித்த இடத்தின் விலை

ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் தோலுக்கு அடியில் கொழுப்புத் தடித்துக் கட்டியாகும். அங்கே உணர்வு குறைவு, குத்தினால் நோகாது. ஆகவே கை தானாக அங்கேயே போகும். நோவுக்குப் பயந்தவர்களே இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

ஸ்பெயினில் இன்சுலின் எடுக்கும் 430 பேரை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வின் கணக்கு:

- கட்டி இருந்தவர்கள்: 64.4 விழுக்காடு
- இடத்தைச் சரியாக மாற்றியவர்களில் கட்டி இருந்தவர்கள்: 5 விழுக்காடு
- சராசரி நாள் அளவு: கட்டி இருந்தவருக்கு 56 யூனிட், இல்லாதவருக்கு 41
- காரணம் தெரியாமல் சீனி இறங்கிப்போனவர்கள்: கட்டி இருந்தவர்களில் 39.1 விழுக்காடு, இல்லாதவர்களில் 5.9

நாளுக்கு 15 யூனிட் வித்தியாசம். வருடத்துக்கு 5,475 யூனிட், பதினெட்டுப் பேனாவுக்கு மேல். இந்தக் கணக்குப் புத்தகத்தில் இதைவிடப் பெரிய வீண்செலவு கிடையாது.

இதைத் தடுக்க ஒரு சிறு ஒழுங்கு போதும். வயிற்றைத் தொப்புளிலிருந்து நான்கு பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு பகுதி. அந்தப் பகுதிக்குள் நாளுக்கொன்றாக 7 நிரல், வேளைக்கொன்றாக 4 வரி, இடைவெளி ஒரு சென்ரிமீற்றர். 28 புள்ளியும் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கும். ஒரு பகுதிக்கு மறு முறை வரும்போது அதற்கு மூன்று வார ஓய்வு கிடைத்திருக்கும். தொடையையும் சேர்த்தால் இன்னும் நீண்ட ஓய்வு.

ஒன்றை மறக்கக் கூடாது. கட்டியிலிருந்து நல்ல இடத்துக்கு மாறும்போது அதே அளவு மருந்து கூடுதலாக வேலை செய்யும், சீனி சட்டென்று இறங்கும். அளவைக் குறைப்பது பற்றி வைத்தியரிடமோ நீரிழிவுத் தாதியிடமோ கேட்ட பின்பே மாறுங்கள். மாறும் நாட்களில் இரத்தத்தில் சீனியை அடிக்கடி பாருங்கள்.

பயத்தின் கணக்கு

ஊசிப் பயம் சிறுபிள்ளைத்தனம் இல்லை. 2019இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி இளம் வயதினரில் 20 முதல் 30 விழுக்காட்டினருக்கு அது இருக்கிறது. சிலருக்கு ஊசியைக் கண்டதும் இரத்த அழுத்தம் விழுந்து மயக்கமே வரும். அவர்களுக்காகச் சுவீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரன் ஊஸ்ட் 1980களில் ஒரு பயிற்சியை வகுத்தார். கை, கால், மார்புத் தசைகளை 10 முதல் 15 செக்கன் இறுக்க வேண்டும். 20 முதல் 30 செக்கன் தளர்த்த வேண்டும். ஐந்து தடவை. நான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இரத்த அழுத்தம் மேலே நிற்பதால் மயக்கம் தள்ளிப்போகும். ஊசி போடும் இடத்தின் தசை மட்டும் தளர்ந்திருக்க வேண்டும்.

மயக்கம் வராத, வெறும் நடுக்கம் மட்டும் உள்ளவருக்குச் சின்ன உதவிகளே போதும். பாவிக்கும் பேனாவைக் குளிர்பெட்டிக்கு வெளியே வைத்தால் குளிர்ந்த மருந்தின் எரிவு இராது. மதுசாரம் தடவினால் காய்ந்த பின்பே குத்த வேண்டும். முதல் நாட்களில் வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பனியும் பயணமும்

திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை வரை. திறந்த பேனா அறை வெப்பத்தில் பெரும்பாலும் 28 நாள். உங்கள் மருந்தின் தாளில் வேறு எண் இருந்தால் அதுதான் சட்டம். ஒரு முறை உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது. தை மாதத்து வெஸ்ட்லியில் பேனாவைக் காரில் விட்டுவிட்டு வருவதும், ஊருக்குப் போகும்போது விமானத்தின் பொதிப் பகுதியில் போடுவதும் ஆபத்து. கைப்பையே சரியான இடம்.

இந்தியா போகிறவர்களுக்கு இன்னொரு எண். அங்கே குப்பியில் விற்கும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிலீற்றருக்கு 40 யூனிட். 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் 20 கோடுவரை எடுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிட். உயிருக்கே ஆபத்தான இரண்டரை மடங்கு. குப்பியின் எண்ணும் சிரிஞ்சின் எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

வரவுப் பக்கம்

'ஊசிக்கு வந்துவிட்டால் கடைசிக் கட்டம்' என்ற பேச்சு நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. எண்கள் வேறு சொல்கின்றன. முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரைத் தொடர்ந்த வட அமெரிக்க ஆய்வு 1993இல் முடிவை வெளியிட்டது. நாளுக்கு மூன்று அல்லது அதற்கு மேல் ஊசியோ பம்ப்போ கொண்டு சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியபோது, கண் இன்னும் பாதிக்கப்படாதவர்களில் விழித்திரை நோய் வரும் அபாயம் 76 விழுக்காடு குறைந்தது. இரண்டாம் வகையில் 5,102 பேரைச் சேர்த்த பிரித்தானிய ஆய்வு 1998இல் வந்தது. மாத்திரையாலோ இன்சுலினாலோ சீனியை இறுக்கிப் பிடித்தவர்களில் கண், சிறுநீரகம் போன்றவற்றின் நுண்குழாய்ச் சேதம் 25 விழுக்காடு குறைந்தது. ஊசி கண்ணையும் சிறுநீரகத்தையும் காக்கிறது. ஆறேழு வருடம் தள்ளிப்போட்டு வருபவர் சேதம் ஏறிய பின்பு வருகிறார்.

மறைப்பின் விலையும் இங்கேதான் இருக்கிறது. கலியாண வீட்டில் பேனாவை எடுக்க வெட்கப்பட்டு ஒரு வேளையைத் தவறவிடுபவர் வாரத்துக்கு ஒன்று விட்டாலே வருடத்துக்கு 52.

அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடத்தின் றொம்மன் வளாகம் வெஸ்ட்லியிலிருந்து இரண்டு நிலையம். பிள்ளைகளை அங்கே விடும் பெற்றோருக்கு ஒரு மாலை ஒதுக்கி, தமிழ் பேசும் தாதி ஒருவர் 7 × 4 ஒழுங்கையும் பத்துச் செக்கன் பொறுமையையும் காட்டிக் கொடுக்கலாம். வீட்டில் ஊசி போடுபவர் இருந்தால் இந்த வாரமே அவருடைய வயிற்றையும் தொடையையும் விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டி தட்டுப்பட்டால் தாதியிடம் காட்ட நேரம் எடுத்துக் கொடுங்கள்.