வீட்டில் செய்யும் சோலார் பேனல்: செல்லுக்கு மேல் எதைப் போடலாம்?

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மையும் அகல் விளக்கும் செய்பவர்களுக்கு ஒரு தலைவலி நன்றாகத் தெரியும். சூளையிலிருந்து எடுக்கும்போது பளபளவென்று இருக்கும் கிளேஸ், ஆறிய பிறகு முடி போல மெல்லிய கோடுகளாக வெடித்துவிடும். உள்ளே இருக்கும் களிமண் உடலும் மேலே இருக்கும் பூச்சும் ஒரே அளவில் சுருங்காததுதான் காரணம். தனித்தனி சோலார் செல்களை வாங்கி, ஈயம் பற்றவைத்து, சொந்தமாக பேனல் செய்பவர்களைக் கவிழ்ப்பதும் பெரும்பாலும் இதே சிக்கல்தான்.

சிலிக்கான் செல்லின் தடிமன் 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவு. அப்பளம் மாதிரி, விரலால் கொஞ்சம் அழுத்தினாலே உடையும். ஒரு செல் தருவது சுமார் அரை வோல்ட் என்பதால், 12 வோல்ட் பேட்டரிக்கு 36 செல்களை வரிசையாகக் கோக்க வேண்டும். அதில் ஒன்று விரிசல் விட்டு முடங்கினாலும் மொத்த வரிசையின் மின்னோட்டமும் குறையும். அந்த இடம் சூடேறிக் கருகவும் வாய்ப்பு உண்டு. ஆக, செல்லுக்கு எவ்வளவு செலவழித்தோம் என்பதைவிட, அதை எதில் பொதிந்தோம் என்பதே பேனலின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

கண்ணாடியா, அக்ரிலிக்கா?

‘அக்ரிலிக் லேசா இருக்கு, உடையாது, அதையே போடலாமே’ என்று தோணும். கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை முதல் மதியம் வரை வெப்பநிலை 40 டிகிரி ஏறினால், ஒரு மீட்டர் நீளக் கண்ணாடி சுமார் 0.4 மி.மீ. நீளும். சிலிக்கான் 0.1 மி.மீ.தான் நீளும். அக்ரிலிக்கோ கிட்டத்தட்ட 3 மி.மீ.! தினமும் இப்படி இழுத்து விட்டால் செல்களை இணைக்கும் ரிப்பன் கம்பி அறுந்துபோகும். ஓரத்து சீலன்ட்டும் விட்டுப்போகும். வடகிழக்குப் பருவமழைத் தண்ணீர் உள்ளே போக அந்த இடைவெளி போதும்.

கண்ணாடியிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஜன்னல் கண்ணாடியின் ஓரத்தைப் பக்கவாட்டில் பாருங்கள், பச்சையாகத் தெரியும். அது இரும்புச்சத்து, வெளிச்சத்தில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். தொழிற்சாலை பேனல்களில் இரும்பு குறைந்த, டெம்பர் செய்த 3.2 மி.மீ. கண்ணாடி போடுவது அதனால்தான். பழைய, உடைந்த பேனலின் கண்ணாடியை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். டெம்பர் கண்ணாடி உடைந்தால் முழுக்கப் பொடிப்பொடியாகிவிடும். அதை வெட்டவும் முடியாது.

நடுவில் என்ன?

கண்ணாடிக்கும் செல்லுக்கும் இடையே மெத்தை மாதிரி ஒரு பொருள் வேண்டும். தொழிற்சாலைகள் அதிகம் பயன்படுத்துவது இ.வி.ஏ. என்ற பிளாஸ்டிக் தாள். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, சுமார் 150 டிகிரியில் பத்துப் பதினைந்து நிமிடம் வேகவைத்தால் அது ரப்பர் போல இறுகிவிடும். வீட்டில் இஸ்திரிப் பெட்டியோ ஹீட் கன்னோ வைத்து ஒட்டினால் குமிழி நிற்கும். தாளும் சரியாக வேகாது. சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் செல்லின் சூடு 65, 70 டிகிரியைத் தொடும்போது வேகாத தாள் திரும்பவும் இளகிவிடும். (ஊரில் சூளைக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் ஆயிரம் டிகிரிக்கு மேல் எரியும் சூளையில் 150 டிகிரியைச் சீராக நிறுத்துவது வேறு வித்தை.)

கடையில் கிடைக்கும் சாதாரண எபாக்சியை ஊற்றுவது இன்னும் மோசம். வெயிலில் மஞ்சளாகும். இறுகிய பிறகு வளைந்து கொடுக்காது, செல்லையும் சேர்த்து உடைக்கும். கிளேஸ் கதைதான் இது.

கையால் செய்பவர்களுக்கு ஓரளவு ஒத்துவருவது, இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றும் தெளிவான சிலிகோன். இறுகிய பிறகும் ஜெல்லி போல நெகிழும், புற ஊதாக் கதிரையும் தாங்கும். இ.வி.ஏ. வருவதற்கு முன் 1970களின் பேனல்களில் இருந்ததும் சிலிகோன்தான். விலை அதிகம், பலர் பின்வாங்குவது இங்கேதான். ஓரம் அடைக்க வாங்கும் சிலிகோன் ட்யூப்பில் மட்டும் கவனம் தேவை. வினிகர் வாசனை வந்தால் வேண்டாம். அந்த அமிலம் செப்புக் கம்பியை அரிக்கும். ‘நியூட்ரல் க்யூர்’ என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

பின்பக்கத்துக்கு பிளைவுட் வேண்டாம், ஈரத்தில் உப்பிவிடும். பீங்கான் டைல் போடலாமா? தண்ணீர் குடிக்காத விட்ரிஃபைடு டைலின் விரிவு கண்ணாடிக்கு நெருக்கம்தான். ஆனால் 8 மி.மீ. டைல் சதுர மீட்டருக்கு 18 கிலோ வரும், தானே புயலைப் பார்த்த மாவட்டத்தில் அதை மாடியில் நிறுத்த வலுவான சட்டம் வேண்டும். பின்னாலும் கண்ணாடியே போடுவது எளிது.

இவ்வளவு செய்தாலும் கையால் செய்த பேனலுக்கு மத்திய அரசின் சூரிய வீடு திட்ட மானியம் கிடையாது. தெருவிளக்கு, மாட்டுக்கொட்டகை விளக்கு, பள்ளி புராஜெக்ட் போன்றவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பேட்டரிக்குப் போகும் வயரில் ஃபியூஸ் கட்டாயம் வேண்டும்.

ஒரு மழைக்காலம் கழிந்ததும் மல்டிமீட்டரை எடுங்கள். வோல்ட்டை மட்டும் பார்த்து ‘நல்லாத்தான் இருக்கு’ என்று விட்டுவிடாதீர்கள். செல்கள் பழுதானாலும் 36 செல் பேனல் வெயிலில் 20 வோல்ட் காட்டிக்கொண்டிருக்கும். உண்மையைச் சொல்வது ஷார்ட் சர்க்கியூட் ஆம்பியர். பேனல் செய்த அன்று நண்பகலில் வந்த அளவைப் பின்பக்கமே எழுதி வைத்திருந்தால், அதே வெயிலில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.