துளைப்படலமும் யன்னற் கண்ணாடியும்



பேருந்துகளின் பின்கண்ணாடியிலும் கடைகளின் முகப்புக் கண்ணாடியிலும் வண்ணப் படங்களும் பெரிய எழுத்துகளும் ஒட்டியிருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். வெளியே நிற்பவருக்கு அது படம். உள்ளே இருப்பவருக்கோ வீதி தெளிவாகத் தெரிகின்றது. கடைக்காரர் இதனை ‘வன் வே விஷன்’ என்பர். நாம் துளைப்படலம் என்று சொல்வோம். 1980களில் இங்கிலாந்தைச் சேர்ந்த ரோலண்ட் ஹில் என்பவர் இத்துறையின் முன்னோடியாக விளங்கினார்.

இதன் தத்துவம் நமக்குப் புதியதன்று. ஓலைத் தட்டி மறைத்த நிழலறையில் இருப்பவர், வெயில் காயும் முற்றத்தை இடுக்குகளினூடே நன்கு காண்பார். முற்றத்தில் நிற்பவரோ அவரைக் காணார். துளைப்படலமும் அவ்வாறே. வினைல் என்னும் பிளாஸ்டிக் தாளின் முகம் வெள்ளை. அதன்மேல் படம் அச்சாகும். முதுகு கறுப்பு, அது கண்ணைக் கூசச் செய்யாது. தாள் முழுவதும் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீற்றர் விட்டமுள்ள துளைகள் நிறைந்திருக்கும். பரப்பிற் பாதியளவு துளையே எனலாம்.

இரவிலே நிலைமை மாறும். உள்ளே விளக்கெரிந்து வெளியே இருள் சூழ்ந்தால், உள்ளிருப்பவை வெளியே தெரியும். எனவே மறைவிடம் வேண்டுவோர் இதனை மட்டும் நம்பலாகாது. உள்ளே திரையும் வேண்டும்.

இனி, கண்ணாடி முழுவதையும் மூடாது, வேண்டிய உருவத்தை மட்டும் வெட்டி ஒட்டுவதைப் பார்ப்போம். கற்பிட்டிக் கடலில் ஓங்கில்களைக் காண நவம்பர் தொடக்கம் ஏப்ரல் வரை பயணிகள் வருகின்றனர். அங்கே ஒரு கடைக்காரர் தம் யன்னலில் ஓங்கிலின் உருவத்தை ஒட்ட விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணத் தாளை வெட்டினால் ஓரம் நேராக அமையும். துளைப்படலத்தில் கத்தி துளைகளுக்கூடாகவும் செல்வதால், தபால் முத்திரையின் ஓரம்போலப் பற்கள் தோன்றும். இரு துளைகளுக்கு இடையே எஞ்சுவது அரை மில்லிமீற்றர் அளவே. அந்த மெல்லிய பற்களின் அடியில் உப்புக்காற்றும் தூசியும் மழைநீரும் புகுந்தால் ஓரம் கிளம்பத் தொடங்கும். கூரிய முனைகள் முதலில் எழும். ஆதலால் ஓங்கிலின் மூக்கையும் செட்டையையும் சற்றே வட்டமாக வெட்டுதல் நன்று. ஐந்து மில்லிமீற்றர் அகலமான கீற்றிலே இரண்டு மூன்று துளைகளே அடங்கும். அது உறுதியாக நில்லாது.

தமிழ் எழுத்துகளுக்கு இதில் ஒரு தனி இடர் உண்டு. நம் மெய்யெழுத்தின் புள்ளி, துளைகளின் நடுவே தொலைந்துபோகும். ‘கடல்’ என்பது ‘கடல’ என்றாகிவிடும். தனிப்புள்ளியை வெட்டி ஒட்டினால் அது விரைவில் உதிரும். எனவே எழுத்தெழுத்தாக வெட்டாமல், பெயர் முழுவதையும் ஒரே வண்ணப் பின்புலத்தில் அச்சிட்டு, அப்பின்புலத்தின் எல்லையை மட்டும் வெட்டுதல் வேண்டும். புள்ளி துளையைப்போலப் பல மடங்கு பெரிதாக இருத்தல் அவசியம்.

வெட்டுமுன் உருவத்தைக் கடதாசியில் முழு அளவிற் செய்து கண்ணாடியில் ஒட்டிப் பாருங்கள். பின்னர் படலத்தை மேசைமேல், அடித்தாளுடன் வைத்து, புதிய அலகால் மெதுவாக வெட்டவேண்டும். மழுங்கிய அலகு துளையிற் சிக்கி இழுக்கும். கண்ணாடிமேல் வைத்து வெட்டினால் கீறல் விழும். வாகனப் பின்கண்ணாடியிலுள்ள சூடேற்றுக் கம்பிகளும் அறுபடக்கூடும். இறப்பர் விளிம்பைத் தொடாது ஆறு முதல் பத்து மில்லிமீற்றர் வரை இடைவெளி விடுதல் நன்று.

கண்ணாடியை நன்னீரால் கழுவி உப்பை அகற்றி, முற்றாக உலர்த்துங்கள். சாதாரணப் படலத்தைப்போலச் சவர்க்கார நீர் தெளித்து இதனை ஒட்டலாகாது. நீர் துளைகளில் தங்கிவிடும். மேலே தெளிவான மெல்லுறை ஒன்றைப் போர்த்தி, அது படலத்தின் ஓரத்தைக் கடந்து கண்ணாடியைச் சற்றுப் பற்றுமாறு அமைத்தால், பற்கள் மூடப்பட்டு ஓரம் நெடுங்காலம் நிலைக்கும்.

வாகனங்களில் இவ்வுறை இன்றியமையாதது. மழைத்துளி துளைகளை நிரப்பினால் பின்னே வருவது மங்கிவிடும். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வானைப் பின்னோக்கிச் செலுத்தும் வேளையில், பின்னால் நிற்கும் சிறு பிள்ளை தெரியாது போனால் விளைவு என்னவாகும்? ஆதலால் சாரதியின் ஆசனத்தில் அமர்ந்து, கண்ணாடியின் எப்பகுதியினூடே அவர் பின்னே பார்க்கிறார் என்பதை அறிந்து, அப்பகுதியை வெறுமையாக விட்டே உருவத்தை வெட்டவேண்டும். முன்கண்ணாடியிலும் அவசர வழியாகக் குறிக்கப்பட்ட கண்ணாடியிலும் ஒட்டவே கூடாது.

படம் அழகாய் அமைவது அச்சிடுபவரின் திறமை. பார்வைக்கு எங்கே வழி விடுவது என்பதை முடிவுசெய்யும் பொறுப்போ வெட்டுபவருடையது. கத்தியை எடுக்குமுன் அவர் ஒருமுறை அந்த ஆசனத்தில் அமர்ந்து பார்ப்பாராக.