பிஎஸ்2 கேம் கம்ப்யூட்டரில் திணறுதா? முதல்ல எஃப்9 அழுத்துங்க!

2000-ல் வந்த பிளேஸ்டேஷன் 2 கேம், இன்றைய லேப்டாப்பில் ஏன் திணறுகிறது? காரணம் இருக்கு. அந்தக் கன்சோலின் சிப்கள் செய்த வேலையை எல்லாம் பிசிஎஸ்எக்ஸ்2 எமுலேட்டர் மென்பொருளாலேயே செய்து காட்ட வேண்டும்.

படத்தில் கோடு விழுந்தாலோ நிழல் பிசகினாலோ எஃப்9 அழுத்துங்கள். காட்சியை வரையும் வேலை கிராபிக்ஸ் கார்டிலிருந்து பிராசசருக்கு மாறும். வேகம் குறையலாம். ஆனால் கோளாறு மறைந்துவிட்டால், கேம் ஃபைலில் தப்பில்லை என்று நிம்மதியாக இருக்கலாம். மறுபடி எஃப்9 அழுத்தி, இன்டர்னல் ரெசல்யூஷனை 'நேட்டிவ்'க்கு இறக்குங்கள். பல செங்குத்துக் கோடுகள் அதிலேயே போய்விடும்.

வேகம்தான் பிரச்சினையா? லேப்டாப் சார்ஜரில் இருக்கான்னு பாருங்க, பலரும் மறப்பது இதைத்தான். பிறகு செட்டிங்ஸில் இஇ, ஜிபியு சதவீதங்களைத் திரையில் காட்ட வையுங்கள். ஜிபியு 100-ஐ நெருங்கினால் ரெசல்யூஷனைக் குறைக்கலாம். இஇ நெருங்கினால் திணறுவது பிராசசர். ரெசல்யூஷனைக் குறைத்துப் பயனில்லை.

எமுலேட்டரை அப்டேட் செய்யும் முன், கேமுக்குள்ளேயே மெமரி கார்டில் சேவ் பண்ணிடுங்க. சேவ் ஸ்டேட்டை மட்டும் நம்பினால், புதிய பதிப்பில் அது திறக்காமல் போகலாம். 40 மணி நேர ஆட்டம் அதோட போச்சு!